நூலகர் இல்லாத நூலகத்துக்குப் புது சோபா எதற்கு?

நியூ ஜெர்சியில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு இரண்டு விஷயங்கள் அத்துப்படி. ஊர்ப் பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு எத்தனை போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு வீட்டு வரி எவ்வளவு. இந்த இரண்டையும் இணைக்கிற ஆவணம் ஒன்று இருக்கிறது. பள்ளி மாவட்டத்தின் பட்ஜெட். அதை மட்டும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

என்னை அதைத் திறக்க வைத்தது நூலகம்தான். என் பெண் படித்த தொடக்கப் பள்ளியில், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்க வாரம் ஒருமுறை தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்த நூலகர் ஒரு ஜூன் மாதம் ஓய்வு பெற்றார். கேக் வெட்டினோம், பிள்ளைகள் வாழ்த்து அட்டை எழுதினார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்துப் பள்ளி நூலகரை "பகிர்ந்துகொள்வோம்" என்றார்கள். அவர் செவ்வாயும் வியாழனும் வருவார். மற்ற நாட்களில் ஓர் உதவியாளர் புத்தகத்தை ஸ்கேன் செய்து கொடுப்பார். அடுத்த கோடை விடுமுறையில் அதே அறைக்குச் சக்கரம் வைத்த மேசைகளும் ஆரஞ்சு நிற சோபாவும் வந்து இறங்கின. வாசலில் "மீடியா சென்டர்" என்று பளபளப்பாக ஒரு பலகை. மாவட்டத்தின் இணையதளத்தில் இன்றைக்கும் அந்தப் படம்தான் முகப்பு.

நூலகரை எடுத்துவிட்டு சோபா வாங்கினார்கள் என்று கோபப்பட்டால் பாதி உண்மைதான். இங்கே கட்டடப் பணம் வேறு, சம்பளப் பணம் வேறு. கூரை, ஏசி, தரை, மேசை நாற்காலிக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று ஊரிடம் வாக்கு கேட்பார்கள். ஜெயித்தால் பல வருஷத் தவணையில் கட்டுவார்கள். அந்தப் பணத்தில் ஒரு டாலரைக்கூட யாருக்கும் சம்பளமாகக் கொடுக்க முடியாது. சம்பளம் வருவது வருடாந்திர பட்ஜெட்டிலிருந்து. அதற்கோ 2010இல் வந்த சட்டம் ஓர் உச்சவரம்பு போட்டுவிட்டது: பள்ளிக்கான சொத்து வரியை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அடிப்படை அதுதான். ஊழியர்களின் மருத்துவக் காப்பீடும் பஸ் ஒப்பந்தமும் சிறப்புக் கல்விச் செலவும் 2 சதவீதத்தோடு நின்றுகொள்ளுமா என்ன? ஒவ்வொரு மார்ச் மாதமும் யாரையாவது குறைத்தே ஆக வேண்டும்.

கணக்கு டீச்சரைக் குறைக்க முடியாது, பரீட்சை இருக்கிறது. ஃபுட்பால் கோச்சைக் குறைத்தால் ஊரே டீ-ஷர்ட் அடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்துவிடும். நூலகரைக் குறைத்தால்? அறை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, விளக்கு எரிகிறது. பெற்றோருக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆகும். அதுவும் யாரையும் வேலையை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்பாமல் விட்டால் போதும்.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். மாநிலத்தின் கல்வி விதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்திலும் நூலக சேவை இருக்க வேண்டும், அது சான்றிதழ் பெற்ற நூலகர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்கிறது. கட்டடத்துக்கு ஒருவர் என்று சொல்லவில்லை. ஏழு பள்ளிக்கு ஒருவர் மேற்பார்வை பார்த்தாலும் விதி காப்பாற்றப்பட்டதாகத்தான் கணக்கு.

இந்தப் பாதையில் நிற்காமல் நடந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்று பார்க்க எங்களுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பிலடெல்பியா. பெஞ்சமின் பிராங்க்ளின் 1731இல் நண்பர்களோடு சந்தா போட்டு நூலகம் தொடங்கிய ஊர். 1991இல் அந்த மாவட்டப் பள்ளிகளில் 176 நூலகர்கள் இருந்தார்கள். இப்போது இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குச் சான்றிதழ் பெற்ற நூலகர்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணி முடித்துவிடலாம். 2013இல் பணம் தீர்ந்துபோய் மாவட்டம் 23 பள்ளிகளை மூடி, 3,700க்கும் அதிகமானோருக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தது செய்தியானது. நூலகர்களில் பெரும்பகுதியினர் அதற்கு முன்பே சத்தமில்லாமல் போய்விட்டிருந்தார்கள். அங்கே ஒவ்வொரு பள்ளி முதல்வருக்கும் ஒரு தொகையைக் கொடுத்து, உங்களுக்கு யார் வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். கவுன்சிலரா நூலகரா என்று வந்தால் எந்த முதல்வர் நூலகரை எடுப்பார்? நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் எடுக்க மாட்டேன். அதனால்தான் இந்த முடிவைத் தனித்தனி முதல்வர்களின் தலையில் கட்டக் கூடாது, மாவட்ட அளவில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

ஹூஸ்டன் கதை இன்னும் மோசம். 2023இல் டெக்சாஸ் அரசு அந்த மாவட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்ட கொஞ்ச நாளில், முதல் சுற்றில் 28 பள்ளிகளில் நூலகர் பதவியே இல்லை என்றானது. நூலக அறைகள், வகுப்பில் ஒழுங்கு மீறிய பிள்ளைகளை உட்கார வைத்துத் திரையில் பாடம் பார்க்கச் சொல்லும் இடங்களாக மாறின. தண்டனைக்குப் போகும் இடமும் கதைப் புத்தகம் எடுக்கும் இடமும் ஒன்றே என்றால் ஏழு வயதுப் பிள்ளை எதை முடிச்சுப் போட்டுக்கொள்ளும்? நாடு முழுக்கப் பார்த்தால், 2009-10க்கும் 2018-19க்கும் இடையில் பள்ளி நூலகர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. 2020-21இல் பத்தில் மூன்று மாவட்டங்களில் ஒரு நூலகர்கூட இல்லை.

சரி, அப்படி அவர் என்னதான் செய்கிறார்?

புத்தகத்தைக் கழிப்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற நமக்கு, அதை எடுத்துப் பெட்டியில் போட்டு "நீக்கப்பட்டது" என்று முத்திரை குத்துவதைப் பார்க்க என்னவோ செய்யும். எனக்கும் செய்தது. அப்போது எங்கள் நூலகர் 954ஆம் எண் வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கள் பள்ளியில் இந்தியாவைப் பற்றி இருந்த ஒரே புத்தகம். அட்டையில் அலங்கரித்த யானை. 1984இல் அச்சானது. மக்கள் தொகை 70 கோடிச் சொச்சம். மெட்ராஸ், பம்பாய். ஒரு பக்கம் முழுக்கப் பாம்பாட்டி. பின்னட்டையில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டு இளமஞ்சளாகிப் போயிருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்தால் போன வருஷமும் ஒருவன் எடுத்திருக்கிறான். நான்காம் வகுப்பில் "என் குடும்பம் எங்கிருந்து வந்தது" என்று சுவரொட்டி செய்யச் சொன்னபோது ஒரு குஜராத்திப் பையன் எடுத்துப் போயிருக்கிறான். அவன் சுவரொட்டியிலும் 70 கோடி, அதிலும் ஒரு பாம்பாட்டி.

புத்தகம் கழிக்கும் இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. டெக்சாஸ் மாநில நூலகத்தார் 1976இல் வகுத்தது. திருத்தித் திருத்தி இன்றும் புழங்குகிறது. தவறான தகவல் இருக்கிறதா, கிழிந்து நைந்துவிட்டதா, இதைவிட நல்ல புத்தகம் வந்துவிட்டதா, இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேவையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எங்கள் நூலகர் டெஸ்டினி மென்பொருளில் ஓர் அறிக்கை எடுப்பார். எண் வரிசைவாரியாகப் புத்தகங்களின் சராசரி வயது அதில் வரும். விண்வெளிப் புத்தகங்கள் சராசரியாக எந்த வருஷத்தில் நிற்கின்றன என்று அதைப் பார்த்தவுடன் தெரியும். அந்தக் காகிதத்தைத்தான் அவர் பட்ஜெட் கேட்கப் போகும்போது கொண்டுபோவார். உதவியாளருக்கு அந்த அறிக்கையை எடுக்க அனுமதிகூடக் கிடையாது. சோபாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு வேலை, படித்ததை நம்பலாமா என்று சொல்லிக்கொடுப்பது. அமெரிக்க நூலகர்கள் வெகு காலமாக வைத்திருக்கும் ஒரு பாடம் உண்டு. வாஷிங்டன் மாநிலக் காடுகளில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துகொண்டிருக்கிறது, காப்பாற்றுங்கள் என்று ஓர் இணையதளம். 1998இல் ஒருவர் விளையாட்டுக்குச் செய்தது. படங்கள், வரைபடம், உணவுப் பழக்கம் எல்லாம் இருக்கும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லூ குழுவினர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் காட்டியபோது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே நம்பிவிட்டார்கள். என் பெண் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நான் புத்தகம் அடுக்கிக்கொண்டே இந்தப் பாடத்தைக் கேட்டேன். நூலகர் அந்தத் தளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆராயவே விடவில்லை. "பக்கத்தில் இன்னொரு டேபைத் திற, இந்த ஆளைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்" என்றார். தளத்துக்குள்ளேயே மூழ்காமல் வெளியே வந்து விசாரிப்பது. செய்தி சரிபார்ப்பவர்கள் செய்கிற வேலை இது என்று ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க் குழு பிற்பாடு விளக்கமாகவே எழுதியது. அதே குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் "விளம்பரதாரர் வழங்கியது" என்று போட்டிருந்த கட்டுரையைச் செய்தி என்றே நினைத்தார்கள். பிள்ளைகளை விடுங்கள், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஃபார்வர்டு செய்கிற மருத்துவக் குறிப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

தகவலைச் சரிபார்க்கும் இந்தப் பாடத்தை மழலையர் வகுப்பு தொடங்கிப் பன்னிரண்டாம் வகுப்புவரை கட்டாயமாக்கி 2023 ஜனவரியில் நியூ ஜெர்சியின் அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்துப் போட்டார். நாட்டிலேயே முதலில் என்று எங்கள் மாநிலத்துக்கு நல்ல பெயர். பாடம் கட்டாயமானது, பாடம் நடத்துகிறவர் கட்டாயமாகவில்லை.

ஆள் இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு எளிதில் புலப்படாத சிக்கல் அது. தொடக்கப் பள்ளியில் வகுப்பு ஆசிரியருக்கு ஒப்பந்தப்படி தினமும் ஒரு ஓய்வுப் பாடவேளை கொடுக்க வேண்டும், பாடம் தயாரிக்க. அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது? ஓவியம், இசை, விளையாட்டு, நூலகம். ஆக, நூலகரின் கால அட்டவணை ஆசிரியரின் ஓய்வு நேரத்தைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. வாரத்துக்கு ஒரு முறை, நாற்பது நிமிஷம், வரிசையாக வகுப்புகள் வந்து போகும். மூன்றாம் வகுப்பு ஆசிரியை எரிமலை பாடம் எடுக்கும்போது "இரண்டு நாள் என்னோடு வந்து சேர்ந்து நடத்துங்கள்" என்று நூலகரைக் கூப்பிட முடியாது, அவருக்கு நேரமில்லை. திங்கட்கிழமை புத்தகத்தை முடித்துவிட்ட பையன் அடுத்த திங்கள்வரை காத்திருக்க வேண்டும். நூலகத்தை வலுப்படுத்துகிறேன் என்று கிளம்புகிற எந்த மாவட்டமும் முதலில் கை வைக்க வேண்டியது இந்த அட்டவணையில். வாரத்தில் பாதி நேரமாவது அவரை அவிழ்த்துவிட்டு, அந்த நேரத்துக்கு வேறு ஒருவரைப் போட வேண்டும். அது செலவு. அதனால்தான் யாரும் பேசுவதில்லை, சோபாவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இதற்கெல்லாம் பலன் உண்டா? கீத் கர்ரி லான்ஸ் என்பவர் 1990களின் தொடக்கத்தில் கொலராடோவில் ஆரம்பித்த ஆய்வு இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் திரும்பச் செய்யப்பட்டிருக்கிறது. முழுநேர நூலகர் இருக்கும் பள்ளிகளில் வாசிப்புத் தேர்ச்சி கூடுதலாக இருப்பதாகத்தான் பெரும்பாலும் வருகிறது. பணக்கார ஊரில் நூலகரும் இருப்பார், மதிப்பெண்ணும் இருக்கும் என்று மடக்கலாம். குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் தொடர்பு இருக்கிறது என்கிறார்கள். இருந்தாலும் தொடர்பு வேறு, காரணம் வேறு. பள்ளி மாவட்ட போர்டு கூட்டத்தில் இந்த ஆய்வை ஆட்டிக்கொண்டு போய் நின்றால், புள்ளியியல் படித்த ஒரு உறுப்பினர் இரண்டே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார். பாம்பாட்டிப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவது மேல்.

எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் காபி குடிக்கும் பெற்றோரிடம் இதைப் பேசிப் பார்த்தேன்.

"அக்கா, அதான் எல்லாருக்கும் குரோம்புக் குடுத்துட்டாங்களே. எல்லாம் அதுலயே இருக்கு. லைப்ரரி எதுக்கு?" என்றார் ஒரு தம்பி, ஐ.டி.யில் இருக்கிறார்.

"உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் லேப்டாப் குடுத்திருக்காங்கல்ல? அப்புறம் எதுக்குப்பா ட்ரெயினிங்னு வருஷா வருஷம் உட்கார வைக்கிறாங்க?"

சிரித்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. கூமான் டியூஷனுக்கு மாதா மாதம் கொட்டிக் கொடுக்கிற நாம், ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் போர்டு கூட்டத்துக்குப் போவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. நம்மூரில் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுவோமே, நினைவிருக்கிறதா? எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் முயன்று 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் புண்ணியம். நியூ ஜெர்சியிலும் ஊர்ப் பொது நூலகத்துக்கு அதேபோல் ஏற்பாடு உண்டு. ஊரிலுள்ள சொத்துகளின் மொத்த மதிப்பில் இவ்வளவு பங்கு நூலகத்துக்குக் குறைந்தபட்சம் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம். அதனால் ஊர் நூலகர் வருஷா வருஷம் பஸ் ஒப்பந்தத்தோடு மோத வேண்டியதில்லை. பள்ளி நூலகத்துக்கு அங்கேயும் அப்படி ஒரு தனிப் பங்கு இல்லை, இங்கேயும் இல்லை. அமெரிக்காவில் அந்தப் பாதுகாப்பு கொஞ்ச காலம் வாஷிங்டனிலிருந்து வந்தது: 1965 கல்விச் சட்டம் பள்ளி நூலகப் பொருட்களுக்கென்றே முதல் வருஷம் 10 கோடி டாலர் ஒதுக்கியது. நாட்டின் பல தொடக்கப் பள்ளிகளுக்கு நூலகம் வந்தது அந்தப் பணத்தில்தான். பிறகு அது மற்றத் திட்டங்களோடு கலந்து கரைந்துபோனது. கொரோனா காலத்தில் வந்த மத்திய அரசுப் பணத்தில் சில மாவட்டங்கள் நூலகர்களை எடுத்தன; 2024 செப்டம்பரோடு அதற்கும் கெடு முடிந்தது. ஒருமுறை வரும் பணத்தில் ஆளை எடுத்தால் இதுதான் கதி.

பெற்றோர் நினைத்தால் நடக்கும் என்பதற்கு ஸ்போகேன் உதாரணம். வாஷிங்டன் மாநிலத்து ஊர். 2007இல் அந்த மாவட்டம் பட்ஜெட் பள்ளத்தை அடைக்கப் பல நூலகர்களை அரை நேரமாக்கியது. மூன்று அம்மாக்கள் கிளம்பினார்கள். உள்ளூர் போர்டில் கதை நடக்கவில்லை என்று தெரிந்ததும் நேரே மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். மனு, மின்னஞ்சல், சாட்சியம். 2008இல் மாநிலம் முழுமைக்கும் பள்ளி நூலகங்களுக்கென 40 லட்சம் டாலர் கிடைத்தது. அதுவும் ஒருமுறைப் பணம்தான். ஆனால் அந்தச் சலசலப்புக்குப் பிறகு, ஒரு மாதிரிப் பள்ளிக்கு எத்தனை ஊழியர் வேண்டும் என்று மாநிலம் போட்ட நிதிக் கணக்கில் நூலகருக்கும் ஓர் இடம் வந்தது. எனக்கு அந்த 40 லட்சத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

புத்தகத் தடை விவகாரத்தை நான் இங்கே தொடவில்லை. அது தனிப் பதிவு. ஒன்று மட்டும்: 2024 டிசம்பரில் எங்கள் மாநிலத்தில் வந்த சட்டம், எந்தப் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, யாராவது ஆட்சேபித்தால் எப்படி விசாரிப்பது என்று ஒவ்வொரு மாவட்டமும் எழுத்தில் கொள்கை வைக்கச் சொல்கிறது, நேர்மையாக வேலை செய்த நூலகர்மேல் வழக்குப் போடாமல் காக்கிறது. காப்பதற்கு முதலில் நூலகர் இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் நீங்களே பார்க்க விரும்பினால் வழி சொல்கிறேன். நியூ ஜெர்சி மாவட்டங்கள் எல்லாம் சுருக்கமான, எளிய பட்ஜெட் ஒன்றை இணையதளத்தில் போட வேண்டும். அதில் கல்வி ஊடகம், நூலகம் என்று ஒரே ஒரு வரி இருக்கும். அதோடு நின்றுவிடாமல் ஆண்டுத் தணிக்கை அறிக்கையைத் திறந்து 222 என்ற கணக்கு எண்ணைத் தேடுங்கள். சம்பளம் தனியாக, புத்தகமும் பிற பொருட்களும் தனியாக இருக்கும். மொத்தத் தொகை ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர்களின் சம்பளமும் இதே கணக்குக்குள்தான் வரும். எங்கள் மாவட்டத்தில் மொத்தம் ஏறித்தான் இருந்தது. நூலகர் சம்பள வரி மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

போன ஏப்ரலில் போர்டு கூட்டத்தில் பேச எனக்குக் கிடைத்த மூன்று நிமிஷத்தில் இந்த இரண்டு வரிகளையும் படித்துக் காட்டி, எத்தனை கட்டடத்துக்கு எத்தனை நூலகர் என்று கேட்டேன். நிதி அதிகாரி எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார், தந்தார். பகிர்ந்துகொள்ளும் நூலகர் வாரம் இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் வருவாராம். புத்தகத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் பதிலில் இடம் விட்டுப்போயிருந்தது. இந்த வருஷம் அதைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஐ.டி. தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கிரிக்கெட் மேட்ச் இல்லாவிட்டால்.